பெண் என்பதற்கு அத்தாட்சிச் சீட்டா?

ஒரு பெண் ஓடுகிறாள். கூட ஓடியவர்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு முதலாவதாக வந்து நிற்கிறாள். ஓடும் வரையில் அவளைப் பெண் என்றே ஜாபிதாவில் எழுதி, பெண் என்றே நம்பர் கொடுத்து, பெண்கள் வரிசையிலேயே நிறுத்தி வைத்திருந்த கனவான்கள், அவள் ஜெயிக்க ஆரம்பித்தவுடன் அவளைத் தனியே அழைத்து, "நீ பெண்தானா?" என்று கேட்கிறார்கள். கடைசியாக வந்தவளை இந்தக் கேள்வி கேட்பதில்லை. அவள் தாடி மீசையோடு வந்து கடைசியில் நின்றாலும் கேட்கமாட்டார்கள். தோற்றவள் பெண், ஜெயித்தவள் சந்தேகம். இந்த ஒரு சங்கதியிலேயே இந்தக் காரியத்தின் முழு யோக்கியதையும் அடங்கியிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

ஒரிசா ராஜ்யத்தில் ஜாஜ்பூர் ஜில்லாவில் கோபால்பூர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு தறிநெசவுக் குடும்பத்தில் ஏழு பிள்ளைகளில் ஒருவராக 1996-ம் வருஷம் பிப்ரவரி மாதம் பிறந்தவர் தோழர் டூட்டி சந்த். மூத்த சகோதரி சரஸ்வதி ஓட்டக்காரி. அவரைப் பார்த்துத் தங்கையும் ஆற்றங்கரையில் ஓடப் பழகினார். காலுக்கு ஜோடு இல்லை. ஓடுவதற்கு மைதானம் இல்லை. நமது கெடிலக்கரையிலும் தேவனாம்பட்டினத்து மணலிலும் ஓடிப் பழகும் பிள்ளைகள் எப்படியோ அப்படியேதான் அவரும் ஓடினார். இந்தப் பெண் 2014-ம் வருஷம் ஜூன் மாதம் தாய்பே நகரத்தில் நடந்த ஆசிய ஜூனியர் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கமும், 4 பேர் ஓடும் 400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் மற்றொரு தங்கமும் வாங்கினார். அப்பொழுது அவருக்கு வயது 18.

அடுத்த மாதம் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் காமன்வெல்த் போட்டி. அதற்குப் போக மூட்டை கட்டிக் கொண்டிருந்தவரை நிறுத்திவிட்டார்கள். காரணம் என்ன? அவர் மருந்து தின்றாரா? இல்லை. வயதைத் திருத்தினாரா? இல்லை. யாரையாவது தள்ளிவிட்டு ஓடினாரா? அதுவும் இல்லை. அவருடைய இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்கிற சுரப்பு நீர் அதிகமாக ஊறுகிறதாம். அது அவர் வாங்கிக் குடித்ததல்ல; அவர் உடம்பிலேயே தானாக ஊறுவது. ஆகையால் அதைக் குறைப்பதற்கு மருந்து சாப்பிடு, அல்லது கத்தி வைத்துக்கொள், அதுவரையில் பெண்களோடு ஓடாதே என்று சட்டம் பேசினார்கள். இந்தச் சோதனை விஷயம் இரகசியமாக இருக்க வேண்டியது. ஆனால் சில நாளைக்குள் பத்திரிகைகளில் வந்து, தேச முழுதும் ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணின் மர்ம ஸ்தானத்தைப் பற்றி டீக்கடையில் பேசும்படியாயிற்று.

நிற்க. "ஒரிசாக்காரிக்கு நடந்ததற்கும் கடலூர்க்காரனுக்கும் என்ன சம்மந்தம்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். சம்மந்தம் இருக்கிறது. நாம் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரத்திலும் பெண் விளையாட்டைப் பற்றிப் பேச வாயெடுக்கும் போதெல்லாம், "ஓடுகிற பெண் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவாளே ஐயா" என்று ஒரு பெரியவர் எழுந்து கேட்காமல் இருப்பதில்லை. கோபால்பூர்க்காரிக்கு லோகத்துப் பெரிய சம்மேளனம் கொடுத்த நோட்டீசும், நமது ஊர்ப் பெரியவர் கேட்கும் கேள்வியும் ஒரே விதையில் முளைத்தவைதான். ஒன்று இங்கிலீஷில் அச்சடித்து வந்திருக்கிறது. மற்றொன்று வெற்றிலை பாக்கோடு வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதிலும் சிதம்பரத்துக்காரர்களுக்கு இந்த விஷயம் புதிதாகவே இருக்கக்கூடாது. ஏனென்றால் ஆண் பெண் போட்டியில் பெண்ணை எப்படித் தோற்கடிப்பது என்பதற்கு அந்த ஊர் ஸ்தல புராணத்திலேயே வழி சொல்லியிருக்கிறது. நடராஜருக்கும் காளிக்கும் ஆட்டத்தில் போட்டி வந்ததாம். காளி அவருக்குச் சளைக்காமல் ஆடினாளாம். எத்தனை விதமாக ஆடியும் அவளை ஜெயிக்க முடியவில்லையாம். கடைசியில் நடராஜர் என்ன செய்தார்? காதில் இருந்து விழுந்த குண்டலத்தை எடுத்துப் போடுகிற சாக்கில் ஒரு காலைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டாராம். பெண்ணானவள் சபையில் அப்படிக் காலைத் தூக்க முடியுமா? வெட்கப்பட்டுத் தலைகுனிந்து நின்றாளாம். உடனே தோல்வி என்று தீர்ப்பு! அவளை ஊருக்குள் இருக்கவும் விடாமல் வடக்கே ஊர்க்கோடிக்குத் துரத்தி, தில்லைக்காளி என்று தனிக்கோயில் கட்டி வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் பக்தர்கள் இரண்டு இடத்திலும் தேங்காய் உடைக்கிறார்கள். ஜெயித்தவருக்கு ஒரு தேங்காய்; ஏமாற்றப்பட்டவளுக்கு ஒரு தேங்காய்!

இந்தக் கதை நடந்தது என்று நாம் சொல்லவில்லை. நடந்ததாகச் சொல்லி நம்பச் செய்தவர்களின் புத்தியைத்தான் பார்க்கச் சொல்லுகிறோம். ஆட்டத்தில் ஜெயிக்க முடியாதபோது, ஆட்டத்தை விட்டுவிட்டு அவள் உடம்பைப் பற்றிய வெட்கத்தைப் பிடித்துக் கொள்வது என்பதே அந்தப் புத்தி. டூட்டி சந்திடமும் அதைத்தானே செய்தார்கள்? ஓட்டத்தில் செகண்டுக் கணக்கைப் பார்க்காமல் அவர் இரத்தத்தின் கணக்கைப் பார்த்தார்கள். வித்தியாசம் என்னவென்றால், காளி தலைகுனிந்தாள். தறிக்காரர் மகள் தலைகுனியவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே தில்லை வனத்துக் கதையில் விஷ்ணு மோகினியாக மாறி ரிஷிகளை மயக்கினார் என்று சொல்லுகிறார்கள். அந்த மோகினியை யாரும் இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. சிவனார் பாதி ஆண், பாதி பெண்ணாக அர்த்தநாரீசுவரராக நிற்கிறார், அவருக்கு எந்தப் பாதி எத்தனை பங்கு என்று எந்த வைத்தியரும் அளக்கவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். கல்லில் இருந்தால் தெய்வீகம். சதையும் இரத்தமுமாக ஒரு ஏழைப் பெண்ணிடம் இயற்கையின் சிறு வேறுபாடு இருந்துவிட்டால் அசிங்கமா?

அது எப்படியோ போகட்டும். டூட்டி சந்த் அடங்கிப் போகாமல், ஸ்விட்ஜர்லாந்து தேசத்தில் லோசான் நகரத்தில் உள்ள விளையாட்டு மத்தியஸ்த கோர்ட்டில் சர்வதேசத் தடகளச் சம்மேளனத்தின் மேல் வழக்குப் போட்டார். இங்கேதான் பகுத்தறிவுக்காரர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். சம்மேளனம் தங்கள் விதியை "விஞ்ஞானம்" என்று சொல்லிற்று. ஒரு லிட்டர் இரத்தத்தில் அந்தச் சுரப்பு 10 நானோமோல் அளவுக்குமேல் இருந்தால் பெண் வரிசைக்கு ஆகாது என்பது அப்போதைய விதி. கோர்ட்டார் கேட்டது ஒரே கேள்வி: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓட்டத்தில் சுமார் நூற்றுக்கு 10 முதல் 12 வரை வித்தியாசம் இருக்கிறது என்கிறீர்களே, இந்தச் சுரப்பு அதிகம் உள்ள பெண்களுக்கு மற்றப் பெண்களைவிட அவ்வளவு லாபம் கிடைக்கிறது என்பதற்கு ருஜு எங்கே? சம்மேளனத்தாரால் ருஜு காட்ட முடியவில்லை. 2015-ம் வருஷம் ஜூலை மாதம் அந்த விதியை நிறுத்தி வைத்து, இரண்டு வருஷத்துக்குள் ருஜு கொண்டு வாருங்கள் என்று கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. ஒரிசாவின் ஒரு கிராமத்துப் பெண்ணால் லோக முழுவதிலும் உள்ள பெண் ஓட்டக்காரர்களுக்கு அந்த விதி நின்றது.

பிறகு அவர் என்ன செய்தார்? ஓடினார். 2016-ம் வருஷம் அல்மாட்டியில் 100 மீட்டரை 11.24 செகண்டில் ஓடி ரியோ ஒலிம்பிக்குக்குப் போனார். 1980-ல் பி. டி. உஷா ஓடினதற்குப் பிறகு ஒலிம்பிக் 100 மீட்டரில் காலெடுத்து வைத்த இந்தியப் பெண் இவரே. 2018-ல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 100 மீட்டரில் 11.32 செகண்டு, 200 மீட்டரில் 23.20 செகண்டு ஓடி இரண்டு வெள்ளி வாங்கினார். 2019-ல் இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில் நடந்த சர்வகலாசாலைகளின் உலகப் போட்டியில் 100 மீட்டரில் தங்கம். 2021-ம் வருஷம் பாட்டியாலாவில் 11.17 செகண்டு. முன்பு வீட்டில் உட்காரச் சொன்னவர்களே பின்னால் மாலை போட்டார்கள். ஒரிசா சர்க்கார் 2018-ம் வருஷத்து இரண்டு வெள்ளிக்கும் சேர்த்து 3 கோடி ரூபாய் கொடுத்தது. உடம்பு அதே உடம்பு, இரத்தம் அதே இரத்தம்தான்.

சம்மேளனத்தாரின் விஞ்ஞானம் என்ன ஆயிற்று என்பதையும் கேளுங்கள். 2017-ல் அவர்களைச் சேர்ந்த வைத்தியர்களே ஓர் ஆராய்ச்சி எழுதினார்கள். அதை வைத்துக்கொண்டு 2018-ல் புதிய விதி செய்தார்கள். 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையில் உள்ள ஓட்டங்களுக்கு மட்டும் அந்த விதியாம். 10 நானோமோல் 5 ஆயிற்று. யாரை வைத்து வழக்கே வந்ததோ அந்த டூட்டி சந்த் ஓடும் 100 மீட்டரும் 200 மீட்டரும் விதிக்கு வெளியே போய்விட்டன! அந்த ஆராய்ச்சியில் சம்மட்டி எறிவதிலும் கோலூன்றித் தாண்டுவதிலும் லாபம் இருப்பதாக எழுதியிருந்தார்கள். ஆனால் அவற்றை விதியில் சேர்க்கவில்லை. 1500 மீட்டரில் அப்படி ஒன்றும் தென்படவில்லை. ஆனால் அதைச் சேர்த்துக் கொண்டார்கள். 2021-ம் வருஷம், டோக்கியோ ஒலிம்பிக் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு, அதே வைத்தியர்கள், தங்கள் முடிவு காரண காரியத்தை நிரூபிப்பது அல்ல, ஆராய்ந்து பார்க்கும் நிலையில் உள்ளதுதான் என்று தங்கள் பத்திரிகையிலேயே திருத்தம் போட்டார்கள். சரி, திருத்தம் போட்டவர்கள் விதியை எடுத்தார்களா? எடுக்கவில்லை. 2023-ல் எல்லா ஓட்டத்துக்கும் விதியைப் போட்டு, அளவை 2.5 ஆகக் குறைத்து, அந்த அளவுக்குள் 24 மாதம் இருந்து காட்ட வேண்டும் என்றார்கள். 10 ஆக இருந்தது 5 ஆகி, 5 ஆக இருந்தது 2.5 ஆயிற்று. விஞ்ஞானம் என்பது பரீட்சை பண்ணிப் பார்த்துவிட்டு முடிவு கட்டுவது. முடிவைக் கட்டிவிட்டுப் பரீட்சையைத் தேடுவதற்கு நமது தேசத்தில் சாஸ்திரம் என்று பெயர். வெள்ளைக்காரன் எழுதினதாலேயே சாஸ்திரம் விஞ்ஞானமாகிவிடாது.

இந்த வழக்கத்தின் பூர்வோத்தரத்தைப் பார்த்தாலும் இப்படியேதான் இருக்கிறது. 1896-ல் ஆதென்ஸில் ஒலிம்பிக் ஆரம்பித்தபோது பெண்ணுக்கு இடமே இல்லை. 1928-ல் பெண்களை 800 மீட்டர் ஓடவிட்டார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைக்காரர்கள் பெரிதுபடுத்த, 1960 வரையில் அந்த ஓட்டத்தையே பெண்களுக்கு இல்லாமல் செய்துவிட்டார்கள். 1936-ல் பெர்லினில் 100 மீட்டரில் ஜெயித்த அமெரிக்கப் பெண் ஹெலன் ஸ்டீபன்ஸை ஆண் என்று கிளப்பிவிட்டார்கள். 1966-ல் புடாபெஸ்ட் நகரத்தில், பெண் ஓட்டக்காரர்களைத் துணியில்லாமல் வைத்தியர் கமிட்டி முன்னால் நடந்து காட்டச் சொன்னார்கள். இதை நமது வாசகர்கள் மறுபடியும் ஒருதரம் படிக்க வேண்டுகிறோம். நாகரிகத்தின் சிகரம் என்று சொல்லிக்கொள்ளும் ஐரோப்பாவில், 1966-ல்! 1968-ல் மெக்சிகோவில் வாய்க்குள் சுரண்டி எடுத்துக் குரோமோசோம் பார்க்கத் தொடங்கினார்கள்.

அந்தக் குரோமோசோம் சோதனையில் அகப்பட்டவர் ஸ்பெயின் தேசத்துத் தடைதாண்டும் ஓட்டக்காரி மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டீனோ. 1985-ல் ஜப்பானில் கோபே நகரத்தில் சோதித்தார்கள். அவருடைய அணுக்களில் ஆணுக்குரிய குரோமோசோம் இருந்தது உண்மை. ஆனால் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு ஊறினாலும் அவருடைய உடம்பு அதை ஏற்றுக்கொள்ளாது. சாவி இருக்கிறது, பூட்டு இல்லை. அப்படிப்பட்டவருக்கு அந்தச் சுரப்பினால் எள்ளளவும் லாபமில்லை. இருந்தும் அவரை விலக்கினார்கள். சம்பள உதவி போயிற்று. நிச்சயம் பண்ணியிருந்த மாப்பிள்ளையும் போனான். 1988-ல் நாங்கள் செய்தது தப்பு என்று திரும்பச் சேர்த்துக் கொண்டார்கள். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3387 பெண்களைச் சோதித்ததில் 8 பேர் அகப்பட்டார்கள்; 8 பேரையும் ஓடலாம் என்றே விட்டுவிட்டார்கள். இந்தச் சோதனையால் பிரயோஜனமில்லை என்று 1999-ல் ஒலிம்பிக் கமிட்டியே எல்லோரையும் சோதிப்பதைக் கைவிட்டது. அதற்கப்புறம் வந்ததுதான் சந்தேகப்பட்டவளை மட்டும் பிடிக்கிற ஏற்பாடு. சந்தேகம் யார்மேல் வரும் என்று நாம் சொல்ல வேண்டுமா? கறுத்தவள் மேல் வரும், ஏழை மேல் வரும், மார்பு தட்டையாக, குரல் கனத்து, கூலிவேலை செய்து கை காய்த்தவள் மேல் வரும்.

நமது நாட்டிலேயே பாருங்கள். புதுக்கோட்டை ஜில்லா கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைக் கூலிகளுக்கு மகளாக, தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த தோழர் சாந்தி சௌந்தரராஜன் 2006-ம் வருஷம் டிசம்பர் மாதம் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிஷம் 3.16 செகண்டில் ஓடி வெள்ளி வாங்கினார். சில நாளைக்குள் சோதனை. என்ன சோதனை, என்ன முடிவு என்று அவரிடம் உட்கார வைத்துச் சொல்வாரில்லை. தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துத்தான் தன் சங்கதியைத் தானே தெரிந்து கொண்டதாக அவர் பிற்பாடு சொன்னார். பதக்கத்தைப் பிடுங்கினார்கள். அன்றைய முதன்மந்திரி கலைஞர் கருணாநிதி அவர்கள், சோதனையைச் சட்டை செய்யாமல் 15 லட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கொடுத்துக் கௌரவித்தார் என்பதை மறக்கக்கூடாது. ஆனால் ஊர் வாயை எந்த மந்திரியால் மூட முடியும்? 2007-ல் அவர் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணியும்படி ஆயிற்று. பிழைத்தார். பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்றுக் கொடுத்தார். 2012-ல் மறுபடியும் செங்கல் சூளையில் தினக்கூலிக்குக் கல் சுமந்தார். அதன் பிறகு பயிற்சியாளர் படிப்புப் படித்து, 2016-ல் தமிழ்நாட்டுச் சர்க்காரில் நிரந்தரப் பயிற்சியாளர் உத்தியோகம் கிடைத்தது. பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

டூட்டி சந்துக்கு வழக்காட வக்கீல்களும், பரிந்து பேச ஆராய்ச்சிக்காரர்களும் கிடைத்தார்கள், கோர்ட்டில் நின்றார். எட்டு வருஷத்துக்கு முன்னால் சாந்திக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் இரத்தத்தில் இல்லை. கூட நிற்க ஆள் இருந்ததா இல்லையா என்பதில்தான் இருக்கிறது.

சிதம்பரத்தில் நந்தன் கதையைக் கேட்டு உருகாதவர்கள் இல்லை. நந்தன் கோயில் வாசலுக்கு வந்தான். உள்ளே விடக்கூடாது, ஆனால் விட்டுத்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது. என்ன செய்வது? நெருப்பில் இறங்கி எழுந்து பூணூலோடு வா, அப்போது விடுகிறோம் என்றார்களாம். வாசலில் நின்ற மூவாயிரவரில் ஒருவரும் நெருப்பில் இறங்கிக் காட்ட வேண்டியதில்லை! சோதனை வெளியே நிற்பவனுக்கு மாத்திரம்தான். மருந்தைத் தின்று, கத்தி வைத்துக்கொண்டு, உன் உடம்பை மாற்றிக்கொண்டு வா, பிறகு ஓடவிடுகிறோம் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன பேதம்? இதை நாம் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஏழைத் தேசங்களிலிருந்து போன 18 முதல் 21 வயதுள்ள நான்கு பெண்களுக்கு, ஒரு நோயும் இல்லாதபோது, விளையாட்டில் இருக்க வேண்டுமானால் என்று சொல்லி உள்ளுறுப்பை அறுத்து எடுத்ததாகப் பிரெஞ்சு வைத்தியர்கள் 2013-ல் தாங்களே எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். நந்தன் நெருப்பு கதை, இது கதையல்ல.

"அப்படியானால் ஆணும் பெண்ணும் ஒன்றாக ஓடட்டும் என்கிறீர்களா?" என்று கடலூரில் ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. அப்படி நாம் சொல்லவில்லை. தனியாக ஓடினால்தான் பெண்களுக்கு மேடையே கிடைக்கும் என்பது உண்மை. எங்கேயோ ஒரு கோடு வேண்டும் என்பதும், அந்தக் கோட்டை இயற்கை நமக்காகக் கிழித்து வைக்கவில்லை என்பதும் உண்மை. கஷ்டமான விஷயம்தான். ஆனால் பிறந்தது முதல் பெண்ணாக வளர்ந்து, பெண் என்று கூலி குறைத்துக் கொடுத்தபோதும் வாங்கிக்கொண்டு, பெண் என்று அடக்கி வைத்தபோதும் அடங்கியிருந்தவளை, ஜெயிக்கிற அன்றைக்கு மாத்திரம் பெண்ணல்ல என்று சொல்வது எந்த நியாயம்?

அன்றியும், இயற்கை கொடுத்த லாபம் ஆகாது என்றால் ஆண்களிடத்திலும் பார்க்க வேண்டாமா? பின்லாந்து தேசத்தில் எயிரோ மேன்டிரான்டா என்று ஒரு பனிச்சறுக்கு வீரர் இருந்தார். 1960-லும் 1964-லும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினவர். அவருடைய குடும்பத்துக்கே பரம்பரையாக இரத்தத்தில் சிவப்பணு மற்றவர்களைவிட மிக அதிகம் என்று பின்னால் வைத்தியர்கள் கண்டுபிடித்தார்கள். மூச்சு முட்டாமல் நெடுந்தூரம் போவதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பதக்கத்தைப் பிடுங்கினார்களா? ஆச்சரியப் பிறவி என்று கொண்டாடினார்கள். ஆணுக்கு இயற்கை கொடுத்தால் பாக்கியம். பெண்ணுக்குக் கொடுத்தால் மோசடி!

டூட்டி சந்த் விஷயத்தில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2022-ம் வருஷக் கடைசியில் அவரிடம் எடுத்த சோதனையில் தடுக்கப்பட்ட மருந்து இருந்தது என்று 2023-ல் நான்கு வருஷத்துக்கு விலக்கிவிட்டார்கள். "பார்த்தீர்களா உங்கள் வீராங்கனையை!" என்று சிலர் சிரிக்கிறார்கள். நாம் யாரையும் அம்மனாக்கிக் கும்பிடுகிறவர்களல்ல. வெளியிலிருந்து வாங்கிப் போட்டுக்கொண்டதற்கு விதி இருக்கிறது, அந்த விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே, அதன்படி தண்டித்தார்கள். ஆனால் 2023-ல் நிரூபித்த குற்றத்தைக் காட்டி 2014-ல் நிரூபிக்காத குற்றத்தை நியாயம் ஆக்கமுடியுமா? பின்னாளில் ஒருவன் கடனைக் கொடுக்கவில்லை என்பதால் முன்னாளில் அவன் மேல் போட்ட பொய்வழக்கு மெய்வழக்கு ஆகிவிடாது.

2019-ம் வருஷம் மே மாதம் அவர் தன் சொந்த ஊர்ப் பெண் ஒருத்தியோடு வாழ்க்கைத் துணையாக இருப்பதாகத் தைரியமாக வெளியிட்டார். முந்தின வருஷம் செப்டம்பரில்தான் சுப்ரீம் கோர்ட்டு அது குற்றமல்ல என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. தங்கம் வாங்கி வந்தபோது தூக்கிக் கொண்டாடிய ஊரும் குடும்பமும் அதற்கு முகத்தைத் திருப்பிக் கொண்டன. யாரோடு வாழ்வது என்பதைப் புரோகிதனும் ஊரும் ஜாதியும் தீர்மானிக்கக்கூடாது என்று இத்தனை காலமாகப் பேசிவந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நமது தோழர்களிலேயே சிலர் இந்த இடத்தில் நெளிகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். நெளியட்டும். வயது வந்த இருவர் சம்மதித்த காரியத்தில் மூன்றாவது ஆளுக்கு என்ன வேலை என்று ஜாதிக் கலியாணத்தில் கேட்ட கேள்வியை இங்கே மாத்திரம் விழுங்கிவிட முடியாது.

கடைசியாக வந்திருக்கும் ஏற்பாடு என்னவென்றால், 2025-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி முதல் உலகப் போட்டியில் பெண்கள் வரிசையில் ஓட வருகிற ஒவ்வொருவரும் எஸ்.ஆர்.ஒய். என்னும் ஜீன் தன்னிடம் இருக்கிறதா என்று ஒரு தரம் சோதித்துச் சீட்டு வாங்கிவர வேண்டும். 1999-ல் பிரயோஜனமில்லை என்று குப்பையில் போட்டதை வேறு பெயரில் எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள். அந்த ஜீனை 1990-ல் கண்டுபிடித்த விஞ்ஞானி ஆண்ட்ரூ சின்கிளேர் என்பவரே, ஜீன் இருக்கிறது என்பதை மாத்திரம் அது காட்டும், அது வேலை செய்கிறதா, உடம்பு அதை ஏற்கிறதா என்பதைக் காட்டாது, இந்தக் காரியத்துக்கு அதை உபயோகிக்கக் கூடாது என்று 2025-லேயே எழுதிவிட்டார். கண்டுபிடித்தவன் வேண்டாம் என்கிறான். பிடித்துக் கொண்டவன் விடமாட்டேன் என்கிறான். அதே வருஷம் ஜூலை மாதம், தென்னாப்பிரிக்காவின் 800 மீட்டர் வீராங்கனை காஸ்டர் செமன்யாவின் வழக்கை ஸ்விஸ் கோர்ட்டு சரியாக விசாரிக்கவில்லை, அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு தீர்ப்பளித்தது. செமன்யா தங்கம் வாங்கிச் சந்தேகத்துக்கு ஆளானது 2009-ல். பதினாறு வருஷம் கழித்து, "சரியாக விசாரிக்கவில்லை" என்கிற அளவுக்குத்தான் வந்திருக்கிறது.

இந்தச் சீட்டு லோக மேடைக்குப் போகிறவர்களுக்கு. நமது ஜில்லாவில் எத்தனை பெண்களை அந்த மேடை வரைக்கும் போகவிடுகிறோம்? இங்கே வேறு சோதனை வைத்திருக்கிறோம். பெண் வயதுக்கு வந்தவுடன் மஞ்சள் நீராட்டு என்று பந்தல் போட்டு, தெருமுனையில் அவள் படத்தோடு பேனர் கட்டி, ஊர் முழுதும் அவள் உடம்புச் சங்கதியை ஒலிபெருக்கியில் வாசிக்கிறோம். மறுநாள் முதல் "இனி என்ன ஓட்டம்?" என்று மைதானத்திலிருந்து வீட்டுக்கு அழைத்துக் கொள்கிறோம். புடாபெஸ்டில் வைத்தியர் கமிட்டி செய்ததை இங்கே தாய்மாமன் சீர்வரிசையோடு செய்கிறான். கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்தில் விடியற்காலையில் ஓடும் பெண்களும், அண்ணாமலை நகரில் படிக்க வரும் பெண்களும் இதையெல்லாம் தாண்டி வந்தவர்கள். அவர்கள் தாண்டியது எந்த ஒலிம்பிக்கிலும் வைக்காத தடை.

சாந்திக்கு ஓடக் கற்றுக்கொடுத்து முதல் ஜோடு வாங்கித் தந்தவர் அவருடைய பாட்டனார். சடங்குப் பந்தல்காரனுக்கு நாம் கொடுக்கும் முன்பணத்தில் அதைப்போல இரண்டு ஜோடி வாங்கலாம்.